ஆளில்லாத பேருந்து நிலையம்

மார்ச் 4, செவ்வாய்

அண்ணா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த பத்திரிகைக் கடை அக்கா மேல் கோபப்படாதே. "மூணாவது பெஞ்சுல நீலப் பையோட உக்காந்திருக்காரே, அவருகிட்ட குடுத்துடுங்க" என்று கெஞ்சியது நான்தான்.

"நீ யாரும்மா?" என்று கேட்டார்.

"தங்கச்சி."

"பத்தடி தூரத்துல உக்காந்திருக்காரு. நீயே குடுக்க வேண்டியதுதானே?"

அங்கிருந்து நழுவிவிட்டேன். வீட்டுக்கு எழுதினால் அண்ணி பிரித்துவிடுவார். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டை வரும். காகிதம் குறுக்கே பேசாது.

மூன்று வருடம் ஆகிறது. உங்கள் இருபதாவது கல்யாண நாளில் குடும்பம் மொத்தத்தையும் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். யாராவது ஒருவர் கண் மூடாமல் ஒரு படம்கூட அமையவில்லை. ஒன்பது படங்களிலிருந்து நல்ல முகங்களை எடுத்து ஒரே படமாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தேன். எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். நீ மட்டும், "அன்னிக்கு நான் சிரிக்கவே இல்ல. இது எந்த ஊரு சிரிப்பு? உனக்குக் கையில கெடைக்கிறது எல்லாம் விளையாட்டுதான்" என்றாய், அத்தனை பேர் முன்னால். படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பியவள்தான் நான்.

விளையாட்டை விடவில்லை. இன்னும் மும்முரமாகவே விளையாடுகிறேன். செயற்கைப் பல் செய்கிற எங்கள் கூடத்திலிருந்து பல் அச்சு ஒன்றைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் கீழே மூடுபனியும் மேலே விடியற்கால வானமும் சேர்த்தேன். முன்பற்கள் இரண்டும் பனிச்சிகரமாகிவிட்டன. எங்கள் புகைப்படக் கிளப்பில் இருவர், "இது எந்த மலை? எப்படிப் போகணும்?" என்று விசாரித்தார்கள். "வாயைத் தெறங்க, காட்டறேன்" என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல் கூடம் எட்டு மாதத்துக்கு முன்னால் இடம் மாறியது. இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கட்டடம், மூன்றாம் மாடி. உனக்குத் தெரிந்திருக்காது. ஜன்னலைத் திறந்தால் மொத்த நிலையமும் கீழே தெரியும். இவ்வளவு கூட்டமான இடத்தை ஆளே இல்லாமல் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை வந்தது. அதற்கு ஒரு வழி உண்டு. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அசைக்காமல், இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தந்த இடத்தில் பாதிக்கு மேற்பட்ட படங்களில் எது இருந்ததோ அதை மட்டும் வைத்துக்கொள் என்று மென்பொருளிடம் சொன்னால் போதும். வந்தவர், போனவர், பஸ், நாய், புறா எல்லாம் காணாமல் போகும். தரை, தூண், பெஞ்சு மிஞ்சும்.

போன வியாழன் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நூற்றிருபது படங்கள். அடுக்கினேன். வெறிச்சோடிய பேருந்து நிலையம். அழகென்றால் அப்படி ஓர் அழகு. மூன்றாவது பெஞ்சில் மட்டும் ஓர் ஆள் மறையாமல் உட்கார்ந்திருந்தார். முகம் கலங்கலாக இருந்தது. ஆனால் ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்து உட்காருகிற ஆளை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதிக்குள் கிளப் கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டும். செயலாளர் பார்த்துவிட்டு, "பிரமாதம்மா. அந்த ஒரு ஆளை மட்டும் எடுத்துடு, முதல் பரிசு உனக்குத்தான்" என்கிறார். எடுப்பது இரண்டு நிமிட வேலை. உன்னைக் கேட்காமல் உன் முகத்தில் கை வைத்து ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. அதனால் இந்தத் தடவை கேட்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் இதைச் சொல். வேலை நாளில் நாலு மணி நேரம் அங்கே என்ன செய்கிறாய்?

பம்பரம்


மார்ச் 5, புதன்

தங்கைக்கு,

படம் கிடைத்தது. அது நான் இல்லை.

என்னுடைய பழைய படம் எதையோ எடுத்து அந்த பெஞ்சில் ஒட்டியிருக்கிறாய். ஒன்பது தலைகளை ஒட்டத் தெரிந்தவளுக்கு ஓர் ஆளை ஒட்டத் தெரியாதா? இதை வைத்து என்னிடம் வாயைப் பிடுங்கலாம் என்று பார்க்கிறாய்.

நான் தினமும் வேலைக்குப் போகிறவன். இருபத்தாறு வருடமாக அங்கேதான் பஸ் மாறுகிறேன். தொழிற்சாலை பஸ் சில நாள் தாமதமாகும். அன்றும் தாமதமாகியிருக்கும். உட்கார்ந்திருப்பேன். பொது இடத்தில் உட்காருவது குற்றமா? மாடியிலிருந்து ஒருவனை அவனுக்குத் தெரியாமல் நூற்றிருபது முறை படம் எடுப்பதுதான் குற்றம்.

என்னை அழித்துவிடு. உனக்குக் கைவந்த வேலைதானே. பரிசை வாங்கிக்கொள்.

அண்ணியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்ல வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 6, வியாழன்

அண்ணா,

முதல் வரியில் அது நீ இல்லை. பத்து வரி தள்ளி அது நீதான், பஸ் தாமதம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு.

நான் ஒட்டுவேலை செய்கிறவள்தான். மறுக்கவில்லை. ஆனால் ஒட்டியதை ஒட்டினேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். பல் மலையை மலை என்று சொல்லி யாரையும் ஏமாற்றவில்லை. இதோ நூற்றிருபது படங்களையும் சிறிதாக்கி மூன்று தாள்களில் போட்டு அனுப்புகிறேன். ஒவ்வொன்றின் கீழும் நேரம் இருக்கிறது. தொழிற்சாலை பஸ் பச்சை நிறம் என்று எனக்கும் தெரியும். எட்டு இருபதுக்கு வந்து நிற்கிறது பார். ஒன்பது நாற்பதுக்கு இன்னொன்று. நீ இரண்டிலும் ஏறவில்லை.

தெரியாமல் படம் எடுத்ததாகச் சொன்னாய். எனக்கும்தான் தெரியாது. யாரும் வேண்டாம் என்றுதானே எடுத்தேன். உன்னைக் கண்டுபிடித்த பிறகு கேமராவைத் தொடவில்லை. கண்ணால் மட்டும் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை இருந்தாய், திங்கள் இருந்தாய், செவ்வாய், புதன், இன்றும்.

நீ சொன்ன மாதிரி அழித்தும் பார்த்தேன். பெஞ்சின் இரும்புச் சட்டத்தைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்து நீட்டி, உன் நிழலை மூடி, சுவரின் கறையைத் தொடர்ந்து வரைந்தேன். ஒட்டிய இடம் தெரியாமல் வந்தது. பல்லில் பதினாறு வகை வெள்ளை பிரித்துப் பார்க்கிற எனக்கே எங்கே சேர்த்தேன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. செயலாளர் சொன்னது சரிதான், படம் சுத்தமாக இருந்தது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடிவிட்டேன். அனுப்பவில்லை.

கீழே இறங்கி வர எனக்கு அறுபத்திரண்டு படி. வந்துவிடுவேன். ஆனால் நான் எதிரில் நின்றால் நீ பொய் சொல்லியாக வேண்டும். முகத்துக்கு நேரே சொன்ன பொய்யை அப்புறம் திரும்ப எடுக்க வராது உனக்கு. அதனால் நீயே நிமிர்ந்து பார். நாளைக் காலை பதினோரு மணி. மூன்றாம் மாடி, இடக்கோடி ஜன்னல். வெள்ளை மேலங்கியோடு நிற்பேன். அது ஒட்டுவேலையா இல்லையா என்று பார்த்துக்கொள்.

பம்பரம்


மார்ச் 10, திங்கள்

பம்பரத்துக்கு,

பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பதினொன்று அடிக்கும்போது கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. நீ கையை ஆட்டினாய். எனக்குக் கை எழவில்லை. இளைத்திருக்கிறாய். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கம்ப்யூட்டரே கதியா?

மறைத்து என்ன ஆகப்போகிறது. நவம்பரில் எங்கள் பராமரிப்புப் பிரிவை மூடிவிட்டார்கள். பாட்டில் மூடி தயாரிக்கிற இயந்திரங்களை எல்லாம் லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். கழற்றிக் கொடுத்தது நாங்கள்தான். கடைசி போல்ட்டையும் நான்தான் கழற்றினேன். அதன் பிறகு கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கும்போதே உன் அண்ணி, "பொண்ணுக்குக் கடைசிக் கவுன்சிலிங்ல காலேஜ்ல இடம் கெடச்சிருச்சு!" என்று குதித்தாள். அவள் குதித்து நான் பார்த்ததே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் காலை அஞ்சு மணிக்கு எழுந்து டிபன் கட்டி வைத்திருந்தாள். கட்டிய டிபனை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவ்வளவுதான். அது நாலு மாதம் ஆகிவிட்டது.

முதல் பஸ்ஸில் கால் பழக்கத்தில் ஏறிவிடும். பச்சை பஸ் வரும். முதல் வாரம் கண்டக்டர், "என்ன சார், ஏறலியா?" என்று குரல் கொடுப்பார். தலையை ஆட்டுவேன். இப்போது அவர் கேட்பதில்லை, நானும் ஆட்டுவதில்லை. சாப்பிட்டபின் மதியம் வேலை தேடிப் போவேன். போகாமல் இல்லை. எல்லா இடத்திலும் மரியாதையாக உட்கார வைத்து, வயதைக் கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். யாரிடம் சொல்லி அனுப்புவார்களோ தெரியவில்லை.

நீ அனுப்பிய மூன்று தாள்களையும் பார்த்தேன். நூற்றிருபது தடவை உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. உன் மென்பொருள் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. பெஞ்சு, தூண், நான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கல்யாண நாளன்று நான் சிரிக்காமல் இருந்ததற்குக் காரணம் கடைவாய்ப் பல்வலி. பல் செய்கிறவளிடம் சொன்னால் விருந்தாளிகள் முன்னால் வாயைத் திற என்பாய் என்று சொல்லவில்லை. நீ படம் கொண்டுவந்த அன்றும் அதே வலி, எரிந்து விழுந்தேன். அதைச் சொல்லக்கூட மூன்று வருடம் ஆகிவிட்டது பார்.

அண்ணன்


மார்ச் 12, புதன்

அண்ணா,

பல்வலியா! அடப்பாவி. இதற்காகவா நான் மூன்று வருடம் உன் வீட்டுத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்தேன்? அந்தப் பல்லை எடுத்தாயா இல்லையா? எடுக்கவில்லை என்றால் படி ஏறி வா.

உன்னைக் கேட்காமல் சிரிக்க வைத்தது என் தப்பு. மன்னித்துவிடு. விளையாட்டு என்று சொன்னதை நான் மன்னிக்கவில்லை. அதற்கு நீ தனியாகக் கேட்க வேண்டும்.

நூற்றிருபது தடவை உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். தப்பு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணு. நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுபத்தொன்பதில்தான் உட்கார்ந்திருக்கிறாய். மீதி நாற்பத்தொன்றில் பெஞ்சு காலி, இல்லையென்றால் வேறு யாரோ இருக்கிறார்கள். நீ எங்கே என்று தேடினேன்.

எட்டே முக்காலுக்குப் பத்திரிகைக் கடை ஷட்டர் பாதியில் சிக்கி நிற்கிறது. அடுத்த படத்தில் நீ அதன் கீழே. அதற்கடுத்ததில் கடை ஏணி மேல் ஏறி நிற்கிறாய், கை உள்ளே இருக்கிறது. அதற்கடுத்ததில் ஷட்டர் முழுக்க மேலே, நீ கைக்குட்டையில் கையைத் துடைக்கிறாய். ஒன்பதரைக்கு இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண், அவள் பெட்டியின் சக்கரம் உன் கையில். பத்தேகாலுக்குச் செருப்புக் கடை ஷட்டர். அதற்குப் பதினெட்டு நிமிடம் ஆகியிருக்கிறது, சாவி தொலைத்த கேஸா? பிறகு குடிநீர்க் குழாய் அருகே குனிந்திருக்கிறாய், தரையில் ஈரம். அடுத்த பத்துப் படங்களில் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கிறது.

நான் மென்பொருளிடம் அசையாததை மட்டும் வை என்றேன். அது சொன்னபடி செய்தது. நீ அசைந்த நேரம் முழுவதையும் கூட்டத்தோடு சேர்த்துத் துடைத்துவிட்டது. முதல் படம் பொய் இல்லை. ஆனால் உன் காலைப் பொழுதில் அது மூன்றில் இரண்டு பங்கைத்தான் சொல்கிறது.

அதனால் மறுபடி உட்கார்ந்தேன். இந்தமுறை தலைகீழாக. அதே வெறும் தரை, அதே தூண். அதன்மேல் நீ எங்கெங்கே நடமாடினாயோ அங்கெல்லாம் உன்னை மட்டும் கத்தரித்து வைத்தேன். பதினேழு அண்ணன்கள். ஒருவர் ஏணியில், ஒருவர் குழாயடியில், ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூன்று பேர் செருப்புக் கடையைச் சுற்றி நின்று ஆலோசிக்கிறார்கள். ஒரு பேருந்து நிலையத்தையே நடத்துகிற கும்பல் மாதிரி இருக்கிறது. நிழல்கள் எல்லாம் அந்தந்த நேரத்து நிழல்கள், அதனால் வெவ்வேறு நீளம். சரிசெய்யலாம், வேண்டும் என்றே விட்டேன். இது முழுக்க முழுக்க ஒட்டுவேலை. ஆனால் இதில் நான் சேர்த்தது ஒன்றுமே இல்லை, எல்லாம் நீ செய்தது.

இதையும் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கடைசி நாள். உன் பதில் வராவிட்டால் பல் மலையைக் கொடுத்துவிடுவேன், கவலைப்படாதே.

அண்ணிக்குச் சொல். நான் சொல்லமாட்டேன். அது என் வேலை இல்லை.

பம்பரம்


மார்ச் 14, வெள்ளி

பம்பரத்துக்கு,

பதினேழு பேரையும் பார்த்துப் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். செருப்புக் கடையில் தொலைந்தது சாவி இல்லை, ஸ்பிரிங் அறுந்துபோனது. அந்த வரிசையில் எல்லா ஷட்டருக்கும் அதே கோளாறு. மாட்டியவன் கோணலாக மாட்டியிருக்கிறான்.

நேற்று சாயங்காலம் வீட்டில் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது படத்தைக் காட்டிச் சொல்லலாம் என்று பையில் மேலாக வைத்திருந்தேன். கடைசி நிமிடத்தில் மனசு கேட்கவில்லை. அதைக் காட்டினால் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் நான் தப்பித்துவிடுவேன். முதல் படத்தையே எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"இது நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கே. ஏன் ஒருத்தரும் இல்ல?" என்றாள். பிறகு குனிந்தாள். "இது நீங்கதானே?"

"ஆமா."

"எப்ப?"

"நாலு மாசமா."

முழுவதையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், அழுவாள் என்று பார்த்தேன். படத்தை விளக்குப் பக்கம் நகர்த்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "மத்தியானச் சாப்பாடும் இங்கதானா?" என்றாள்.

"ஆமா."

"தனியாவா?"

அவள் எழுந்து போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். காலையில் பார்த்தால் இரண்டு டிபன். தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டாளாம். "கெளம்புங்க. நானும் வரேன். அந்த பெஞ்சை நான் பாக்கணும்" என்றாள்.

இதை எழுதத் தொடங்கியபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து உன் ஜன்னலைப் பார்த்தோம். நீ யாருடைய பல்லிலோ தலையை விட்டுக்கொண்டிருந்தாய்.

பத்திரிகைக் கடை அக்கா அவளிடம் வந்து, "நீங்கதான் சாரோட வீட்டம்மாவா? இவரு இல்லன்னா இந்த வரிசையில பாதிக் கடை தெறக்காதும்மா. கூப்பிட்ட ஆளு மூணு நாள் கழிச்சு வருவான். இவரு மூணு நிமிஷத்துல எந்திரிச்சு வருவாரு" என்றார்.

உன் அண்ணி என் பக்கம் திரும்பினாள். "அப்ப இதையே வேலையா செஞ்சா என்ன?"

"இதெல்லாம் ஒரு வேலையா? சும்மா உட்கார்ந்த நேரத்துல..."

"சும்மா உக்காந்ததை எங்கிட்ட நாலு மாசம் வேலைன்னு சொன்னீங்க. வேலை செஞ்சதைச் சும்மாங்கறீங்க. உங்களுக்கு ரெண்டும் இடம் மாறிப்போச்சு."

கடை அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது இருவரும் என்னை விட்டுவிட்டு, கடை கடையாகப் போய்க் கோணல் ஷட்டர்களைப் பார்வையிட்டுக்கொண்டு வருகிறார்கள்.

கண்காட்சிக்கு முதல் படத்தைக் கொடு. என்னை எடுக்காமல் கொடு. இரண்டாவதை எனக்குப் பெரிதாகப் போட்டுத் தா, வீட்டுக்கு.

விளையாட்டு என்று சொன்னது தப்பு. தனியாகக் கேட்டுவிட்டேன்.

அண்ணன்


மார்ச் 20, வியாழன்

அண்ணா,

கொடுத்துவிட்டேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார். "அந்த ஆளை எடுக்கலையா?"

"இல்லைங்க."

"தலைப்பு 'ஆளில்லாத பேருந்து நிலையம்'னு போட்டிருக்கே?"

"ஆமாங்க."

"படத்துல ஒரு ஆளு இருக்காரே?"

"அதைத்தான் எல்லாரும் கேக்கணும்."

"பரிசு போயிடும்மா" என்றார், உண்மையான வருத்தத்தோடு. போகட்டும் என்றேன். போய்விட்டது. இலை நுனியில் தண்ணீர்ச் சொட்டு நிற்கிற படத்துக்கு முதல் பரிசு. வருடா வருடம் ஏதாவது ஒரு சொட்டுக்குத்தான் கிடைக்கிறது. எனக்கு வருத்தம் இல்லை. இதுவரை நான் செய்ததிலேயே நல்ல படம் எது என்று எனக்குத் தெரியும். அதை நடுவர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

கண்காட்சி இருபத்தெட்டிலிருந்து மூன்று நாள். எனக்கு சனிக்கிழமை வேலை. வருவதானால் ஞாயிறு வாருங்கள், நானே சுற்றிக் காட்டுகிறேன்.

நேற்று நீ ஏணியும் பெட்டியுமாகப் போனதை மேலிருந்து பார்த்தேன். புதுக் கருவிப் பெட்டி. கூப்பிட்டேன், பஸ் சத்தத்தில் காதில் விழவில்லை.

பம்பரம்


மார்ச் 31, திங்கள்

பம்பரத்துக்கு,

நேற்று நீ எங்கள் வீட்டில் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஒரு விஷயத்தை நேற்று சொல்லவில்லை. நேரில் சொன்னால் உன் அண்ணி குறுக்கே புகுந்து, "அப்படியெல்லாம் நான் சொல்லவே இல்ல" என்பாள். காகிதத்தில்தான் அவள் குறுக்கே வரமுடியாது.

ஞாயிறு வரச் சொன்னாய். நாங்கள் சனிக்கிழமையே போய்விட்டோம். நீ பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னால் நான் படத்தைப் பார்ப்பேனா, உன் முகத்தைப் பார்ப்பேனா? அதனால் சொல்லாமல் போனோம்.

கூடத்தின் கோடியில் மாட்டியிருந்தார்கள். நினைத்ததைவிடப் பெரிது. எதிரே நின்றபோது எனக்கு வெட்கம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. நல்ல வெளிச்சத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். யாரோ எனக்கு வேண்டியவர் போல இருந்தது. அவரிடம் போய் "எந்திரிங்க, ஷட்டர் சிக்கிக்கிச்சு" என்று சொல்லலாம் போல இருந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர் நின்றார். விவரம் தெரிந்தவர் போல. கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, தன் நண்பரிடம் சொன்னார்: "நல்ல டெக்னிக். ஆனா பாருங்க, அந்த ஒரு ஆளு உறுத்தலா இருக்கான். அவனைத் தூக்கிட்டா படம் எங்கேயோ போயிருக்கும்."

நான் உன் அண்ணியின் முழங்கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"சார்," என்றாள்.

அவர் திரும்பினார்.

"அவர் என் வீட்டுக்காரர்."

அந்த மனிதர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "மன்னிக்கணும்மா, நான் போட்டோவைப் பத்தித்தான்..."

"நானும் போட்டோவைப் பத்தித்தான் சொல்றேன்" என்றாள். "அவரைத் தூக்கிட்டா அதுல என்ன இருக்கு? நாலு தூணு, கொஞ்சம் சிமெண்டுத் தரை. அதைப் பார்க்கவா டிக்கெட் வாங்கிட்டு வந்தீங்க?"

சொல்லிவிட்டு அவர் நகர்ந்து வழிவிடும்வரை அங்கேயே நின்றாள். பிறகு படத்துக்கு இன்னும் ஓர் அடி பக்கத்தில் போய், கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

அண்ணன்